எதிரி ஏறிய மொபெட்

கிராம நிர்வாக அலுவலராக எனக்குக் கிடைத்த முதல் ஊர் மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருந்தது. சுனாமி வந்துபோனதற்கு அடுத்த வருடம் அது. யாருக்கு நிவாரணம் வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதே என் முழுநேர வேலையாக இருந்தது. சர்க்கார் வண்டி எது வந்தாலும் ஜனங்கள் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுவார்கள். கொசு மருந்து அடிக்க வந்த வண்டிக்குப் பின்னால்கூட ஒருமுறை வரிசை நின்றிருக்கிறது.

அதனால் அந்தச் சித்திரை மாத வெயிலில் போலீஸ் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உப்பளத்துக்குள் இறங்கியபோது, போலீஸுக்கு முன்னாலேயே ஜனங்கள் வரப்பில் நின்றிருந்தார்கள்.

"இன்னா தர்றாங்க மேடம்?" என்று ஒரு அம்மாள் என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் தரலைங்க. ஒரு பொருளைத் தேட வந்திருக்காங்க."

"கெடைச்சதும் தருவாங்களா?"

தேட வந்த பொருள் ஒரு துப்பாக்கி. அதன் கதையை அன்று காலையில்தான் டி.எஸ்.பி. என்னிடம் சொன்னார். எங்களுக்கு வெகுதொலைவில், வேறொரு மாவட்டத்தில், ஒரு கட்சியின் உள்ளூர்த் தலைவர் பொதுக்கூட்டம் முடிந்து மேடையிலிருந்து இறங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் யாரோ பெரிய மனிதரை நெருங்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. சில மாதங்களில் அந்த இன்ஸ்பெக்டரையும் ஒரு டீக்கடை வாசலில், ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோதே சுட்டுவிட்டார்கள். இரண்டு உடல்களிலிருந்தும் எடுத்த குண்டுகள் ஒரே துப்பாக்கியுடையவை என்று ஆய்வுக்கூடம் சொன்னது. ஆகவே அந்தத் துப்பாக்கி கிடைத்தால் இரண்டு கொலைகளையும் ஒரே முடிச்சில் கட்டிவிடலாம். சுட்டவன் என்று பிடிபட்ட இளைஞன், பாண்டிச்சேரிக்குத் தப்பியோடும் வழியில் ஒரு நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி அதை மரக்காணம் உப்பளத்தில் வீசிவிட்டதாக ஒப்புக்கொண்டிருந்தான்.

போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் அல்லாத ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு எங்கள் மாநிலத்தில் வி.ஏ.ஓ.வைவிட வசதியான பிராணி கிடையாது.

"ஒரு அரை மணி நேர வேலை மேடம்," என்றார் டி.எஸ்.பி. "அவன் கையைக் காட்டுவான், நாங்க எடுத்துடுவோம், நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்."

அந்த நம்பிக்கையில் நான் சாப்பாடுகூட எடுத்துப் போகவில்லை.

ஜீப்பிலிருந்து அவனை இறக்கினார்கள். ஒல்லியான ஆள். மீசை இன்னும் சரியாகக் கூடிவரவில்லை. காவல்துறைத் தாள்களில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் எழுதுவார்கள். பேச்சிலும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. "எதிரியை நிழல்ல நிறுத்து," "எதிரி தண்ணி கேக்குறான் பாரு," "எதிரிக்கு சக்கரை போட்டா போடாமலா?" என்று கான்ஸ்டபிள்கள் பேசிக்கொண்டதைக் கேட்டால் அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயரே அதுதானோ என்று தோன்றும். உப்பளத்தில் நிழல் கிடையாது என்பதால் எதிரியை என் குடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"எங்கடா போட்ட?" என்று டி.எஸ்.பி. கேட்டார்.

"இங்கதான் சார்."

"இங்கன்னா?"

அவன் பார்த்தான். நாங்கள் எல்லோருமே பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாத்திகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வானத்தைக் காட்டும் ஒரே தண்ணீர். இந்தப் பாத்தி எது, அந்தப் பாத்தி எது என்று தெரியாமல் சர்வே கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானே பல நாள் நின்றிருக்கிறேன்.

"ஏதாவது ஒரு அடையாளம் சொல்லுடா."

அவன் கண்ணை மூடி நன்றாக யோசித்தான். பிறகு மிகுந்த நம்பிக்கையோடு, "பக்கத்துல வெள்ளையா ஒரு குவியல் இருந்துது சார்," என்றான்.

வரப்பில் நின்ற உப்பளப் பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. எதிரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. டி.எஸ்.பி. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அரை மணி நேரம் என்பது அத்தோடு முடிந்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். சாதாரண உடையில், கான்ஸ்டபிள்களுக்குச் சற்று விலகி, வெயிலில் நின்றிருந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, எப்போது இறங்கச் சொல்வார்கள் என்று காத்திருப்பவர்போல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இறந்துபோன இன்ஸ்பெக்டரின் ஜீப் டிரைவர் அவர் என்று ஒரு கான்ஸ்டபிள் சொன்னார். லீவு போட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமலே, பஸ் பிடித்து வந்திருக்கிறார். அந்த இன்ஸ்பெக்டரிடம் ஒரு காலத்தில் வேலை பழகியவர்தான் டி.எஸ்.பி. அதனால் போகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

எதிரி தோராயமாகக் கை காட்டிய இடத்தில் இரண்டு பேருடைய பாத்திகள் எதிரும் புதிருமாக இருந்தன. இந்தப் பக்கம் கூனிமேட்டு பாய் குத்தகைக்கு எடுத்தது. அந்தப் பக்கம் பிரம்மதேசத்துக்காரர் ஒருவருடையது. இருவரும் நடு வரப்பு யாருடையது என்று பல வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு மனுவோடு வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டவர்கள். பாத்தியின் தண்ணீரை இறைத்துத் தேடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இருவரும் வரப்புக்கு ஓடிவந்தார்கள். உப்பு விளைந்து, வாரும் பதத்தில் நின்றது. தண்ணீரை இறைத்தால் எல்லாம் சேறோடு சேறு.

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், நான் சொல்றதைக் கேளுங்க. இது வாரத்துக்கு வாரம் உப்பு வார்ற பாத்தி. துப்பாக்கி கெடந்திருந்தா எங்க பொம்பளைங்க எப்பவோ வாரி எடுத்துக் குவியல்ல போட்டிருப்பாங்க. அவரோட பெரிய பாத்தியைப் பாருங்க. சும்மா தண்ணி நிறுத்தற பாத்தி. வருசம் முழுக்க ஒருத்தரும் கால் வைக்கிறதில்லை."

பிரம்மதேசத்துக்காரருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "ஏம்பா பாய், எதிரி சொல்றான் குவியல் இருந்துச்சின்னு. என் பெரிய பாத்திகிட்ட ஏது குவியல்? உன்னுதுகிட்டதான் இருக்குது!"

பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது. போலீஸிடம் பேசி என்ன பிரயோஜனம், தீர்மானிக்கப் போகிறவன் எதிரி அல்லவா? பாய் தன் ஆளை அனுப்பி மோர் கொண்டுவரச் சொன்னார். "தம்பி, மொதல்ல இதைக் குடி. பதறாம யோசிச்சிப் பாரு. அந்தப் பக்கம்தானே வீசின? வலது கைக்காரன்தானே நீ?" பிரம்மதேசத்துக்காரர் மசால் வடைப் பொட்டலத்தோடு வந்தார். "தம்பி, சாப்பிட்டுட்டுப் பொறுமையா சொல்லு. பாய் பக்கம்தானே? காத்து எந்தப் பக்கம் அடிச்சிது சொல்லு."

மோர் குடிக்கும்போது எதிரி அந்தப் பக்கம் கைகாட்டினான். வடை தின்னும்போது இந்தப் பக்கம் கைகாட்டினான். டி.எஸ்.பி. வந்து, "யோவ், ரெண்டு பேரும் சாட்சியைக் கலைக்கிறீங்களா?" என்று கத்தினார். "இல்லைங்க சார், எதிரியைத்தான்," என்றார் பாய் மிகவும் பணிவாக.

மறுநாள் வெடிகுண்டுப் பிரிவிலிருந்து உலோகம் கண்டுபிடிக்கும் கருவி வந்தது. நீளமான கம்பின் நுனியில் ஒரு தட்டு. இரும்பு இருந்தால் 'பீப்' என்று கத்தும். பாத்திக்கு மேலே நீட்டியதும் கத்தியது. எல்லோரும் பரபரப்பானோம். நாலடி தள்ளி நீட்டினார்கள். அங்கேயும் கத்தியது. அடுத்த பாத்தியிலும் கத்தியது. வரப்பில் கத்தியது. ஈரமான என் செருப்புக்கு நேரே நீட்டினால் அதற்கும் கத்தியது. உப்புத் தண்ணீரைக் கண்டாலே அந்தக் கருவிக்குத் தாங்காது என்று அதைக் கொண்டுவந்தவர் பிற்பாடு சொன்னார். அதற்குள் உப்பளத்தின் அடியில் ஆயுதக் கிடங்கே இருக்கிறது என்ற செய்தி பாண்டிச்சேரியை ஒட்டிய பொம்மையார்பாளையம்வரை போய்விட்டிருந்தது. சாயங்காலம் என் அத்தை போன் செய்து, வேலையை விட்டுவிட்டு உடனே வீட்டுக்கு வரச் சொன்னார்.

அடுத்தது காந்தம். மரக்காணத்தில் மைக் செட் வாடகைக்கு விடுபவரிடம் உடைந்த ஒலிபெருக்கிகள் நிறையக் கிடந்தன. அவற்றின் காந்தங்களைப் பிரித்தெடுத்து, கயிற்றில் கட்டி, கான்ஸ்டபிள்கள் தூண்டில் போடுவதுபோல் வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆணிகள் வந்தன. அரிவாள் துண்டு வந்தது. ஒரு சைக்கிள் பெல் வந்தது. எடுத்துத் துடைத்து அடித்துப் பார்த்தபோது ஒலிக்கவும் செய்தது.

கடைசியில் பாயின் பாத்திகளை இறைப்பது என்று முடிவானது. ஆயில் இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பாய் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தண்ணீர் வடிந்ததும் சேற்றிலிருந்து ஜோடி இல்லாத செருப்புகள் பலவும், ஒரு குடைக் கம்பியும், மூடியோடு ஒரு அலுமினியத் தூக்கும் கிடைத்தன. தூக்கை எடுத்துச் சாக்கில் போடப்போன கான்ஸ்டபிளை ஒரு உப்பளப் பெண் ஓடிவந்து மடக்கினார்.

"சார், அது என் தூக்கு! போன வருசம் காத்துல பறந்துடுச்சி."

"சம்பவ இடத்துல கிடைச்ச பொருளும்மா. எல்லாத்தையும் மேல அனுப்பணும்."

"என் தூக்குல யாரையும் சுட முடியாது சார். கஞ்சிதான் ஊத்தலாம்."

டி.எஸ்.பி. என்னைப் பார்த்தார். நான் தூக்கைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அவருடைய பெயரின் முதல் எழுத்து ஆணியால் குத்தியிருந்தது. "இவங்களுதுதான் சார்," என்றேன். அந்த வழக்கில் நான் சொன்ன முதல் சாட்சியம் அது. உடனே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே சாட்சியமும் அதுதான்.

இப்படித் தேடல் இழுத்துக்கொண்டே போனதில் எனக்கும் அந்த டிரைவருக்கும் பேச்சு பழகியது. என் குடைக்குள் ஒரு பாதியை அவருக்குக் கொடுத்தேன். அவர் வாயைத் திறந்தால் இறந்துபோன இன்ஸ்பெக்டரைப் பற்றித்தான் பேசுவார். அதுவும் எல்லாம் சிரிப்புக் கதைகள்.

"எங்க அய்யாவுக்குப் பாட்டுன்னா உசுரு மேடம். ஆனா தொண்டை கழுதைத் தொண்டை. ஒருநாள் ஜீப்புல பாடிக்கிட்டே வர்றாரு. வயர்லெஸ் பட்டன் மேல தொடை அழுத்தியிருக்கிறது தெரியலை. மாவட்டம் முழுக்கக் கேக்குது. எஸ்.பி. லைன்ல வந்து, 'யாருய்யா அது பாடுறது, ஓவர்?' அப்டின்றாரு. எங்க அய்யா டக்குன்னு குரலை மாத்தி, 'தெரியலை சார், எனக்கும் கேக்குது, ஓவர்' அப்டின்னாரு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இன்னொரு நாள், ஒரு திருடனை வீட்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கப்போய், தெரு மாறி ஒரு நிச்சயதார்த்த வீட்டைச் சுற்றி வளைத்த கதையைச் சொன்னார். மாப்பிள்ளை பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடினாராம். எதற்கு ஓடினார் என்று கடைசிவரை தெரியவில்லையாம். இன்ஸ்பெக்டர் பெண் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "ஓடுற மாப்பிள்ளையை நேரத்தோட கண்டுபிடிச்சோம்னு வெச்சிக்கங்க," என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டும் வந்தாராம்.

இந்தக் கதைகளையெல்லாம் எங்களுக்கு இரண்டடி தள்ளிக் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்த எதிரியும் கேட்டுக்கொண்டிருந்தான். நிச்சயதார்த்தக் கதைக்கு அவனுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டான். டிரைவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவனுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. 'நீ யாரைச் சுட்டாய் என்று தெரிந்துகொள்' என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. கதைகளை மட்டும் சொன்னார்.

இன்ஸ்பெக்டரின் கடைசி நாளைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார். "புதுசா டீக்கடை எங்க தொறந்தாலும் நிறுத்தச் சொல்லுவாரு. குடிச்சிட்டு மார்க் போடுவாரு. அன்னிக்கும் அப்படித்தான். சக்கரை கம்மியா சொல்லிட்டு வர்றேன்னு நான்தான் எறங்கினேன். ரெண்டு கையிலயும் கிளாஸோட திரும்பறேன், அவ்ளோதான் மேடம்." மடித்த பேண்ட்டைச் சரிசெய்துகொண்டே, "டீ நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றார்.

பாயின் பாத்திகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. டி.எஸ்.பி. வரப்பில் குந்தி உட்கார்ந்து கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று எழுந்தார். "நடந்ததை நடந்தமாதிரியே செஞ்சி பாத்துடலாம். இவனை பைக்ல உக்கார வெச்சி, அதே வழியில ஓட்டி, அதே மாதிரி வீசச் சொல்லுவோம். எங்க விழுதோ அங்க தேடுவோம்."

நல்ல யோசனைதான். ஆனால் பைக் ஒன்றும் கிடையாது. எல்லோரும் ஜீப்பில் வந்தவர்கள், ஜீப் அந்த வரப்புச் சாலையில் போகாது. மெதுவாக எல்லாக் கண்களும் என் மொபெட் மேல் வந்து நின்றன. வேலை கிடைத்ததும் அப்பா வாங்கித் தந்தது. முன்னால் கூடை வைத்தது. ஹேண்டிலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன.

"கொலைகாரன் இதுலயா சார் போயிருப்பான்?" என்று கேட்டேன்.

"உயரம் கொஞ்சம் கம்மிதான் மேடம். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்றார் டி.எஸ்.பி.

ஓட்டுவதற்கு ஒரு ஏட்டைத் தேர்ந்தெடுத்தார். கூட்டத்திலேயே கனமான ஆள். அவர் ஏறி உட்கார்ந்ததும் மொபெட் ஒருமுறை முனகியது. மீதியிருந்த இடத்தில் எதிரி ஒட்டிக்கொண்டான். துப்பாக்கிக்குப் பதிலாக ஆயில் இன்ஜினிலிருந்து ஒரு பெரிய இரும்பு போல்ட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்கள். விலங்கோடு வீசிப் பார்த்தான். காலடியிலேயே விழுந்தது. விலங்கைக் கழற்ற வேண்டியதாயிற்று. கழற்றினால் ஓடிவிட்டால்? வரப்பின் இரண்டு பக்கமும் கான்ஸ்டபிள்களைக் கைகோத்து நிறுத்தினார்கள். சடுகுடு ஆட்டம் தொடங்கப்போவதுபோல் இருந்தது. பார்க்க வந்த கூட்டத்துக்குள் சுண்டல் விற்பவரும் வந்துவிட்டார்.

"ரெடியா? போ!" என்றார் டி.எஸ்.பி.

மொபெட் புறப்பட்டது. ஏட்டுக்கு வேகம் வரவில்லை. "அன்னிக்கி இதைவிட வேகமா போனோம் சார்," என்று எதிரி பின்னாலிருந்து சொன்னான். ஏட்டு முறுக்கினார். வண்டி திடீரென்று பாய்ந்தது. "இங்கதான்!" என்று கத்திக்கொண்டே எதிரி எழும்பி, உடம்பைத் திருப்பி, முழு பலத்தோடு போல்ட்டை வீசினான். அது பாயின் பாத்தியையும் தாண்டி, நடு வரப்பையும் தாண்டி, பிரம்மதேசத்துக்காரரின் தண்ணீர் நிறுத்தும் பெரிய பாத்தியில் போய் விழுந்தது. "அல்லாஹ்!" என்று பாய் கத்தினார். ஆனந்தத்தில்.

அதே விசையில் மொபெட்டும் சாய்ந்தது. ஏட்டும் எதிரியும் என் வண்டியும் பக்கத்துப் பாத்தியில் தலைகுப்புற விழுந்தார்கள். கான்ஸ்டபிள்கள் கோத்திருந்த கைகளைப் பிரித்துக்கொண்டு ஓடுவதற்குள் எதிரி எழுந்துவிட்டான். அவனுக்கு முன்னால் வெட்டவெளி. அவன் ஓடவில்லை. கண்ணுக்குள் உப்புத் தண்ணீர் போய், "அய்யோ, கண்ணு, கண்ணு!" என்று அலறிய ஏட்டைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்து, தன் சட்டையின் நுனியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டான். "தேய்க்காதீங்க சார், தேய்க்காதீங்க," என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நானும்தான். சிரித்துக்கொண்டே திரும்பியபோது டிரைவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏட்டின் கண்ணைத் துடைத்த கையை.

"அந்தக் கைதானா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மடித்த பேண்ட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு, ஒரு காந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு, போல்ட் விழுந்த பாத்தியில் தனியாக இறங்கினார்.

கொஞ்ச நேரம் துழாவியபின் கயிறு கனத்தது. இழுத்தார். போல்ட் வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு. போல்ட்டைக் கரையில் வீசிவிட்டு மறுபடியும் விட்டார். இன்னும் சில அடிகள் தள்ளி விட்டார். மறுபடியும் இழுத்தபோது சேறும் உப்பும் ஏறிய ஒரு கட்டி காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. பார்ப்பதற்குப் பெரிய கருணைக்கிழங்கு மாதிரி இருந்தது. டிரைவர் அதைத் தண்ணீரில் அலசினார். குழல் தெரிந்தது.

சுண்டல்காரர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். டி.எஸ்.பி. கைக்குட்டையை விரித்து நீட்டினார். டிரைவர் அதில் வைத்துவிட்டுக் கையைத் தன் சட்டையில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். தாளை ஒரு கான்ஸ்டபிளின் முதுகில் வைத்துப் போட்டதால் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. இதை வைத்துப் பிற்பாடு ஒரு வக்கீல் என்னைப் படுத்தினார்.

மொபெட்டை எடுத்து வெளியே நிறுத்தினார்கள். ஒரே மாதத்தில் துருப்பிடித்துச் சிவந்துபோனது. "சர்க்கார் காரியத்துல பட்ட காயம் மேடம்," என்று ஏட்டு ஆறுதல் சொன்னார். அவர் கண் ஒரு வாரம் சிவந்திருந்தது.

நஷ்டம் முழுவதும் பாய்க்கு, பெயர் முழுவதும் பிரம்மதேசத்துக்காரருக்கு என்று ஆகிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்து பிரம்மதேசத்துக்காரரின் பாத்தியைப் படம் எடுத்தார்கள். அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். பாய்க்குத் தாங்கவில்லை. என் ஆபீசுக்கு வந்தார்.

"மேடம், அந்த நடு வரப்பு என்னுதுன்னு மனு குடுத்திருந்தேனே. வரப்பு என்னுதுன்னா, அதை ஒட்டிக் கெடந்த துப்பாக்கியும் என் எல்லையில கெடந்ததாத்தானே ஆவும்?"

"பாய், மொதல்ல இருக்கவே இருக்காதுன்னு சொன்னதே நீங்கதானே?"

"அது இறைக்கறதுக்கு முந்தி சொன்னது மேடம்."

வழக்கு அடுத்த வருடம் விசாரணைக்கு வந்தது. மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். சாட்சிக் கூண்டில் ஏறியதும் எதிரி என்னைப் பார்த்து, பழகினவர்களைப் பார்ப்பதுபோல, இலேசாகத் தலையை ஆட்டினான். நானும் ஆட்டிவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் உடனே பிடித்துக்கொண்டார்.

"எதிரியை உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"உப்பளத்துல பார்த்தேன்."

"எதிரி சென்ற வாகனம் யாருடையது?"

"என்னுடையது."

"அப்படியானால் ஆயுதம் கிடைத்த இடத்துக்கு எதிரியை ஏற்றிச் சென்றது உங்கள் வாகனம். எடுக்கும்போது இருந்ததும் நீங்கள். கையெழுத்து மட்டும் உங்களுடையது மாதிரி இல்லை. சரிதானா?"

"சரிதான். ஆனா நான் சொல்ல வந்தது வேற," என்றேன். நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டு, "எதிரி மொபெட்டில் ஏன் சென்றார் என்று யாராவது எனக்கு முதலிலிருந்து சொல்ல முடியுமா?" என்று கேட்டார். நான் முதலிலிருந்து சொன்னேன். மோர், வடை, ஏட்டு, எல்லாவற்றையும். டைப் அடிப்பவர் 'ஏட்டு விழுந்தார்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. "பிறகு எதிரி என்ன செய்தார்?" என்று கேட்டார். ஏட்டைத் தூக்கிவிட்டார் என்றேன். நீதிபதி எதிரியைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டார்.

துப்பாக்கி இரண்டு கொலைகளையும் சேர்த்துக் கட்டத்தான் செய்தது. எதிரிக்கும் பைக் ஓட்டிய நண்பனுக்கும் ஆயுள் தண்டனை. ஏவிவிட்டதாகச் சொல்லப்பட்ட பெரிய மனிதர் சாட்சியம் போதவில்லை என்று வெளியே வந்தார். அவருக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் நான் சாட்சி சொன்ன நாளில் அதெல்லாம் தெரியாது. கூண்டிலிருந்து இறங்கி வெளியே வந்தபோது டிரைவர் மரத்தடியில் காத்திருந்தார். கூடவே ஒரு பெண்மணி. இன்ஸ்பெக்டரின் மனைவி.

"மொபெட் மேடம் நீங்கதானா?" என்று கேட்டார். கோர்ட்டில் அவரும் உட்கார்ந்திருந்திருக்கிறார். "ரொம்ப நாள் கழிச்சி அந்த ரூம்ல ஜனங்க சிரிச்சதைக் கேட்டேன். அவரு இருந்திருந்தா எழுந்து வெளியில போய்ச் சிரிச்சிட்டு வந்திருப்பாரு."

பெஞ்சில் உட்கார்ந்தோம். டிரைவர் வழக்கம்போல வயர்லெஸ் கதையை ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். அவரு போலீஸ் ஆன கதை உங்களுக்குத் தெரியுமா?"

டிரைவர் விழித்தார். "ஆசைப்பட்டு சேர்ந்தாருன்னு சொல்லியிருக்காரும்மா."

"ஆசையும் இல்லை, ஒண்ணும் இல்லை. வாத்தியார் வேலைக்கு மனு குடுக்கப் போனாரு. ரெண்டு க்யூ இருந்துச்சாம். இதுல கூட்டம் கம்மியா இருக்குதேன்னு இதுல நின்னாராம். உள்ள போனா மாரளவு எடுக்கறாங்க. வாத்தியாருக்கு எதுக்கு மாரளவுன்னு யோசிச்சிக்கிட்டே மூச்சை இழுத்துப் புடிச்சிருக்காரு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். டிரைவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "பன்னெண்டு வருசம் பக்கத்துல உக்காந்து ஓட்டியிருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"வெக்கமா இருந்திருக்கும். எங்கிட்டயே பெரிய பொண்ணு பொறந்தப்புறம்தான் சொன்னாரு."

"அப்ப எனக்கும் ஒண்ணு தெரியும்மா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க தம்பி கல்யாணத்துக்கு டியூட்டின்னு சொல்லிட்டு வரலையே, அன்னிக்கு எங்க இருந்தோம் தெரியுமா?"

"எங்க இருந்தீங்க?"

கோர்ட் கான்ஸ்டபிள் ஒருவர் வாசலுக்கு வந்து, உள்ளே வழக்கு நடக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினார். இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தலையை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து, தொடர்ந்தார்கள். எனக்குத் திண்டிவனம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய் வருகிறேன் என்று இருமுறை சொன்னேன். அவர்கள் காதில் விழவில்லை.